வட்டக்கச்சிக்காரியின் முன்பக்கம்

ஒன்பது வருடமாக எழுதிவந்த என் வலைப்பூவைப் போன ஆடி மாதம் நானே பிரித்துப் போட்டேன். யாரும் கேட்டுச் செய்யவில்லை. எனக்கே அதைப் பார்க்க எரிச்சலாக இருந்தது, அவ்வளவுதான்.

அதன் பெயர் வட்டக்கச்சிக்காரி. முகம் சுளிக்கிறவர்கள் சுளிக்கட்டும் என்றே வைத்த பெயர். யாழ்ப்பாணத்தில் யாராவது என்னிடம் எந்த ஊர் என்று கேட்டால் வட்டக்கச்சி என்பேன். "அது சரி, சொந்த ஊர் எது?" என்று அடுத்த கேள்வி உடனே வரும். அம்மா பிறந்தது வட்டக்கச்சி. நான் பிறந்தது வட்டக்கச்சி. அப்பாவை எரித்ததும் வட்டக்கச்சியில்தான். ஆனாலும் கடல்நீரேரிக்கு அந்தப் பக்கத்தில், அப்பாவின் அப்பா விட்டுவிட்டு வந்த ஊர் ஒன்று இருக்கிறது. அதைச் சொன்னால்தான் கேட்டவருக்கு மனம் ஆறும். அந்த ஊரின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் என்னைத் தேடுகிறவர்களையும் இணையம் அந்த ஊர்க்காரரிடம்தான் கொண்டுபோய் விடும்.

என் வலைப்பூ ஏதோ ஒரு கம்பனியின் தளத்தில் வாடகைக்கு இருப்பது அல்ல. என் மடிக்கணினியில் இருக்கும் ஒரு கோப்புறை அது. உள்ளே ஒவ்வொரு பதிவும் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு. நான் ஒரு கட்டளை கொடுத்தால், ஒரு மென்பொருள் அந்தக் கோப்புகளை எல்லாம் வாசித்து, நான் வரைந்து வைத்த வடிவத்தில் முழுத் தளத்தையும் கட்டித் தரும். அதை அப்படியே தூக்கி இணையத்தில் வைத்தால் சரி. பிழைப்புக்கும் நான் இதைத்தான் செய்கிறேன். நோர்வேயில் மீன் விற்கிறவனுக்கும் அவுஸ்திரேலியாவில் நாய் வளர்க்கிறவளுக்கும் வட்டக்கச்சியில் இருந்துகொண்டு தளம் கட்டிக் கொடுக்கிறவள் நான். ஊரார் வீடுகளைப் பூசி மெழுகி விட்டு, என் வீட்டை ஒன்பது வருடம் அப்படியே போட்டு வைத்திருந்தேன்.

பிழை நான் அடுக்கிய விதத்தில் இருந்தது. எல்லாரும் செய்கிற மாதிரி திகதிப்படி அடுக்கியிருந்தேன். புதிது மேலே, பழையது கீழே. சிறுபோக நெல்லுக்கு யாருக்கு எவ்வளவு தண்ணீர் என்று ஒவ்வொரு வருடமும் நடக்கிற சண்டை ஒன்பது இடத்தில் சிதறிக் கிடந்தது. அம்மா சொன்ன கதைகள் எந்த மாதத்தில் இருக்கின்றன என்று எனக்கே தெரியாது. நான் எழுதியவற்றில் ஆகச் சிறந்தது என்று நானே நினைக்கிற பதிவு, என் தங்கை தர்மிளாவின் கலியாணத்தைப் பற்றியது, 'பழைய பதிவுகள்' என்று பதினெட்டுத் தடவை அமத்தினால்தான் வரும். மனிதர்களைத் திகதிக்குக் கீழே புதைக்கிற வேலை இனி வேண்டாம் என்று முடிவெடுத்தேன். அம்மா ஒரு பிரிவு, தங்கச்சி ஒரு பிரிவு, வாய்க்கால் ஒரு பிரிவு, கிளிநொச்சி பஸ் ஒரு பிரிவு. முன்பக்கத்தில் தர்மிளாவின் கலியாணம்.

இதில் எல்லாமே என் கையில் இருந்தது, முகவரியைத் தவிர.

முகவரி பெரியப்பாவின் பெயரில் இருந்தது. தவராசா பெரியப்பா, அப்பாவின் அண்ணன், கனடாவில் இருக்கிறார். ஒன்பது வருடத்துக்கு முன் வெளிநாட்டுக்குப் பணம் கட்டுகிற அட்டை என்னிடம் இருக்கவில்லை. இங்கே எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன்: வெளியில் இருக்கிற சொந்தக்காரரிடம் சொல்லி எடுத்தேன். பிறகு எனக்கும் அட்டை வந்தது. என் பெயருக்கு மாற்றித் தாருங்கள் என்று கேட்கத்தான் வாய் வரவில்லை. கேட்டால், என்னில் நம்பிக்கை இல்லையா பிள்ளை என்று அவருக்கு மனம் நோகும். வன்னியில் பாதிக் காணிகளின் கதையும் இதுதான், உழுகிறவர் ஒருவர், உறுதிப் பத்திரம் இன்னொருவர் பெயரில். தெரிந்துகொண்டும் அதே பிழையை நான் இணையத்தில் செய்து வைத்திருந்தேன்.

பெரியப்பாவைக் கெட்டவர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். போர் முடிந்து, அம்மாவும் நானும் தர்மிளாவும் முகாமில் கிடந்தபோது, உயிரோடு இருக்கிறோமா என்று எவருக்கும் தெரியாத நேரத்தில், அங்கிருந்து ஊரெல்லாம் போன் எடுத்து எங்களைத் தேடிக் கண்டுபிடித்தவர் அவர்தான். அந்த ஒன்றுக்காக, அவர் நிற்கும்போது அம்மா கதிரையில் இருக்கமாட்டா.

ஆவணி மாதம், நான் பெயர் எழுதாத அந்த ஊரின் கோயில் திருவிழாவுக்கு வந்தவர், கொடியேறிய கையோடு எங்களைப் பார்க்க வந்தார். சொக்லேற், கோடாலித் தைலம், அம்மாவுக்கு ஒரு சீலை. பெரியப்பா கனடாவில் அந்த ஊர்ச் சங்கத்தின் தலைவர். சங்கத்துக்கு ஓர் இணையத்தளம் இருக்கிறது. கதிரையில் இருந்ததும் அதைத்தான் போனில் காட்டினார். திறந்த உடனே கோயில் மணி அடித்தது. கோபுரம் இடமிருந்து வலமாக ஓடியது. அதற்குக் கீழே குத்துவிளக்கு எரிய, மரண அறிவித்தல்கள்.

"உன்ரை எழுத்தை நான் அங்கை எல்லாருக்கும் காட்டுறனான் பிள்ளை. அவை மெச்சுகினம். ஆனா பேர்தான் சரியில்லை. இதோடை சேத்து விட்டால், வன்னிக் கிளை எண்டு போடலாம். ஊர்ப் பேரோடை வந்தால் எவ்வளவு மதிப்பு!"

"இப்பவும் ஊர்ப் பேரோடைதானே பெரியப்பா இருக்குது?"

"அது குடியேற்றத் திட்டம். நான் சொல்லுறது ஊரை."

எனக்குச் சுள்ளென்று ஏறியது. வாயைத் திறக்க முதல் அம்மா தேத்தண்ணியை என் கைக்கும் அவர் கைக்கும் நடுவில் நீட்டினா.

பெரியப்பா பையில் இருந்து சுருட்டிய பெரிய தாள் ஒன்றை எடுத்து மேசையில் விரித்தார். எங்கள் பரம்பரையின் மரம். வருடக்கணக்காகத் தேடி, நாடு நாடாகக் கேட்டுச் சேர்த்திருக்கிறார். உண்மையாகவே நல்ல வேலை. தேர்த் திருவிழா அன்று வெளியிட வேண்டுமாம். பெயரை அமத்தினால் ஆளின் படம் வருகிற மாதிரி இணையத்தில் நான் அதைக் கட்டிக் கொடுக்க வேண்டுமாம். நான் விரலை வைத்து எங்கள் கிளையைத் தேடினேன். நவரத்தினம், ஞானேஸ்வரி. அப்பா, அம்மா. அவர்களுக்குக் கீழே ஒரே ஒரு கோடு இறங்கியது. கோட்டின் முனையில் சுரேகா. நான்.

"தர்மிளா எங்கை?"

பெரியப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா குசினிக்குள் போய்விட்டா.

"பெடியன் எங்கடை ஆக்கள் இல்லையெண்டு தெரிஞ்சுதானே போனவள்" என்றார் பெரியப்பா. குரலை உயர்த்தவே இல்லை. "நான் அவளைத் திட்டேல்லை. நல்லா இருக்கட்டும். ஆனா பிள்ளை, இது ஊர் பாக்கிற மரம்."

"பிறந்ததும் பொய்யோ பெரியப்பா?"

"விளங்காத மாதிரிக் கதையாதை. இன்னொண்டு. நீ புதுசாக் கட்டுற பக்கத்தை என்ரை பெடியளுக்கு அனுப்பினனியாம். அந்தக் கலியாணப் படத்தை முன்னுக்கு வைச்சிருக்கிறாய் எண்டு கேள்வி. அழிக்கச் சொல்லேல்லை. பின்னாலை எங்கையாவது தள்ளி விடு. மாத்திக் கட்டுறாய்தானே, ஆருக்குத் தெரியப்போகுது?"

என் மென்பொருளில் ஒரு வசதி உண்டு. பதிவின் தலையில் 'வரைவு' என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும். பதிவு கோப்புறையில் பத்திரமாக இருக்கும், தளத்தில் மட்டும் தெரியாது. பெரியப்பா கேட்டதும் அதைத்தான். சாகச் சொல்லவில்லை, அழிக்கச் சொல்லவில்லை, நல்லா இருக்கட்டும், ஆனால் தெரியக்கூடாது. என் தங்கை வரைவு இல்லை. துணுக்காயில் புருசன் சிவகரனோடு கச்சான் கடலை போட்டு, யானை விரட்ட வெடி கொளுத்தி, ஒரு பிள்ளையும் பெற்று வைத்திருக்கிற முழு மனிசி.

"ஏலாது பெரியப்பா. ரெண்டும் ஏலாது."

அவர் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். தாளைப் பக்குவமாகச் சுருட்டினார். வாசலில் செருப்புப் போடும்போதுதான் சொன்னார்:

"முகவரி என்ரை பேரிலை இருக்குது. அதை மறந்திடாதை பிள்ளை."

வெருட்டுகிற குரலில் சொல்லியிருந்தால் எனக்கு அவ்வளவு கோபம் வந்திராது. கோடாலித் தைலம் தந்த அதே குரலில் சொன்னார்.

பெரியப்பா வந்த வாடகை வான் போனதும் அம்மா தொடங்கினா. "ஏன்டி அந்த மனிசனோடை கொழுவுறாய்? முகாமிலை ஆர் எங்களைத் தேடினது? ஒரு படம்தானே? பின்னாலை போட்டால் என்ன குறைஞ்சிடும்?"

"பின்னாலை போய்த்தானே நீங்களும் அவளோடை கதைக்கிறியள்."

அம்மா கோழிக்கூட்டுப் பக்கம் போய்விட்டா. நான் சொன்னது பொய் இல்லை. கலியாணம் நடந்த நாளில் இருந்து அம்மா தர்மிளாவோடு கதைப்பது அந்தக் கோழிக்கூட்டுக்குப் பின்னால் நின்று, போனில் மட்டும். பெரியப்பாவின் கோபம் ஆறட்டும், பிறகு வா என்று சொல்லிச் சொல்லியே மூன்று வருடம் போய்விட்டது. பேத்தியை அம்மா தூக்கியதே இல்லை. போனின் கண்ணாடிக்குள்ளேதான் அந்தக் குழந்தை சிரிக்கும், அம்மா திரையைத் துடைத்துத் துடைத்துப் பார்ப்பா. அன்றைக்கு எனக்குப் பெரியப்பாவைவிட அம்மாவில்தான் கோபம் அதிகம்.

அன்று தொடங்கி என் கோபம் முழுவதையும் வேலையில் காட்டினேன். கனடாவில் இருந்து பெரியப்பாவின் பெடியள் மாறி மாறிப் போன் எடுத்துப் புத்தி சொல்லத் தொடங்கவே போனை நிறுத்தி அலுமாரிக்குள் வைத்தேன். பழைய வடிவத்தின் பக்கத்துப் பட்டிகள், நட்சத்திரங்கள், 'இன்று வந்தவர்கள்' எண்ணி, எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்தேன். எழுத்தைப் பெரிதாக்கினேன், அம்மா கண்ணாடி இல்லாமல் வாசிக்கிற அளவுக்கு. வருடமும் மாதமும் போட்ட கோப்புறைகளை உடைத்து, பதிவுகளை மனிதர்களிடம் திருப்பிக் கொடுத்தேன். ஒவ்வொரு மாற்றத்தையும் என் கணினிக்குள்ளேயே கட்டிப் பார்த்தேன். வெளியில் என் முகவரிக்கு என்ன நடக்கிறது என்று திரும்பியும் பார்க்கவில்லை.

தேர்த் திருவிழா அன்று காலை, நான் பல் மினுக்கிக்கொண்டு நின்றபோது, லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் ஒன்று எங்கள் படலை வாசலுக்குள் பின்பக்கமாக வந்தது. பின்பெட்டி நிறையப் பிளாஸ்ரிக் கதிரைகள், கூரைப் படங்கு, கம்பிகள். எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கச் செயலாளர் சஜீவனும் இன்னும் மூன்று பேரும் குதித்து இறங்கினார்கள். ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. ஒருவன் எங்கள் ஒழுங்கை நெடுக வெள்ளைக் கொடி கட்டிக்கொண்டு வந்தான். மற்றவர்கள் முற்றத்தில் கம்பி நட்டார்கள்.

"என்ன சஜீவன் இது?" என்றேன், வாயில் நுரையோடு.

சஜீவன் திரும்பிப் பார்த்துக் கம்பியைக் காலில் போட்டான்.

"அக்கா... நீங்கள் செத்துப்போனியள் எண்டெல்லோ..."

"ஆர் சொன்னது?"

"பளையிலை இருந்து கௌசலா ரீச்சர் எங்கடை சங்கத் தலைவருக்குப் போன் எடுத்து அழுதவாவாம். உங்கடை போனும் வேலை செய்யேல்லை."

"படலையிலை நிண்டு ஒரு வார்த்தை கேட்டுப்போட்டு இறக்கியிருக்கலாமே!"

"செத்தவீட்டிலை விசாரிச்சுக்கொண்டு நிக்கிறதே அக்கா?" சஜீவனுக்கு உண்மையாகவே ரோசம் வந்துவிட்டது. "முதல் பந்தலைப் போடுறது. கதை பிறகு."

அவனில் பிழை இல்லை. எங்கள் பக்கத்தில் அப்படித்தான். சாவு என்று காதில் விழுந்தால், கேட்க முதல் கதிரை வந்துவிடும். கேட்டுக்கொண்டு வருகிறவன் மனிசனே இல்லை. அந்தப் பழக்கம் இப்படி ஒரு நாள் உயிரோடு இருக்கிறவளின் முற்றத்தில் பந்தல் நடும் என்று யார் கண்டது?

சஜீவன் தன் போனை நீட்டினான். மேலே என் முகவரி. அமத்தினேன். கோயில் மணி அடித்தது. திரை முழுவதும் ஒரு குத்துவிளக்கு, அதன் கீழே பெரிய எழுத்தில் 'கண்ணீர் அஞ்சலி'. விரலால் நன்றாகத் தள்ளிக் கீழே போனால்தான், பாரிசில் காலமான யாரோ ஒரு மூதாட்டியின் படமும் பெயரும் வந்தன. அழுகிறவர்கள் யார் கீழே தள்ளிப் பார்ப்பார்கள்? பெரியப்பா சொன்னபடி செய்துவிட்டார். என் முகவரியைச் சங்கத்தின் தளத்துக்குத் திருப்பி விட்டிருந்தார். என் ஒன்பது வருடத்துக்கு மேல் விளக்கு ஏற்றி வைத்திருந்தார்கள். அந்த இடத்திலேயே போனை எறிந்து உடைத்திருப்பேன். சஜீவனுடைய போன் என்பதால் விட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். ஒழுங்கை முனையில் ஒப்பாரியைத் தொடங்கிய பெண்கள் படலையில் என்னைக் கண்டு பாதியில் நிறுத்தினார்கள். பளை பஸ்ஸில் வந்து இறங்கிய கௌசலா ரீச்சர், ஒரு நாள் விடாமல் என்னை வாசிக்கிறவ, என்னைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, "மாலை வேறை வாங்கிப்போட்டன், மூதேசி" என்று முதுகில் ஒன்று வைத்தா. பக்கத்து வீட்டுக்காரர் வழக்கப்படி பெரிய கேத்திலில் பிளேன்ரீ கொண்டுவந்துவிட்டார்கள். வந்தவர்கள் திரும்பிப் போகவில்லை. வெயில் ஏறியிருந்தது, பந்தலுக்குக் கீழே நிழல் இருந்தது, கதிரையும் இருந்தது. செத்தவள் எல்லாருக்கும் சீனி அள்ளி வைத்தாள்.

நடு வெயிலில் தர்மிளா வந்தாள். ஒழுங்கையில் மோட்டார் சைக்கிள் நிற்க முதலே அவளுடைய "அக்கா!" கேட்டது. வெள்ளைக் கொடிகளைப் பார்த்துக்கொண்டு வந்தவள் அல்லவா. பந்தலுக்குள் ஓடி வந்து, கேத்திலோடு நின்ற என்னைக் கண்டாள். அப்படியே நின்றாள். பிறகு இரண்டு கையாலும் என்னை அடித்தாள்.

"போனை ஏன் நிப்பாட்டினனீ? துணுக்காயிலை இருந்து வாற வழியெல்லாம் நான் செத்துச் செத்து வந்தனான், தெரியுமோ?"

தரையில் குந்தி அழுதாள். நானும் குந்தி அழுதேன். தலையை நிமிர்த்தியபோதுதான் கண்டேன், சிவகரன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு படலைக்கு வெளியிலேயே நின்றான். உள்ளே வரவில்லை. இந்த வீட்டுக்குள் அவனை எவரும் ஒரு நாளும் வா என்று கூப்பிட்டதில்லை.

அம்மா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றா. கதிரைகளில் இருந்த எல்லாரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா படியிறங்கினா. முற்றத்தைக் கடந்து நேரே படலைக்குப் போனா. குழந்தைக்குக் கையை நீட்டினா. குழந்தை கொஞ்சம் யோசித்துவிட்டு வந்தது.

"உள்ளுக்கு வாங்கோ தம்பி" என்றா அம்மா. "வெயில்."

அப்போதுதான் பெரியப்பாவின் வான் வந்தது. தேரடியில் இருந்து வந்த கோலம், வேட்டி, வெறும் மேல், சந்தனம் காயவில்லை. "ஐயோ என்ரை பிள்ளை!" என்று குழறிக்கொண்டு இறங்கியவர் என்னைக் கண்டதும் இரண்டு கையாலும் என் தலையைப் பிடித்துக்கொண்டார். கண்ணீர் என் முகத்தில் விழுந்தது. சும்மா சொல்லக்கூடாது, அந்த நேரம் எனக்கும் நெஞ்சு உருகிவிட்டது. சஜீவன் போனைக் கொண்டுவந்து காட்டினான். மணி அடித்தது. பெரியப்பா பார்த்தார், தலையைக் குனிந்தார்.

"நான் இப்பிடி நினைக்கேல்லை பிள்ளை. சத்தியமா நினைக்கேல்லை."

சிவகரன் ஒரு கதிரையைத் தூக்கி வந்து அவருக்குப் பக்கத்தில் வைத்தான். "இருங்கோ மாமா."

பெரியப்பாவின் முகம் மாறியது. அவன் சொன்னது காதில் விழாத மாதிரி, கதிரையைப் பார்க்காமல், என்னை ஒரு கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். குரலைத் தாழ்த்தினார்.

"முகவரியை இண்டைக்கே உன்ரை பேருக்கு மாத்தி விடுறன். உனக்கே முழு உரித்தும். அந்தக் கலியாணத்தை மட்டும் முன்னுக்கு வையாதை. மரம் இருந்த மாதிரியே இருக்கட்டும். ரெண்டு பக்கத்துக்கும் மரியாதை."

ஆசை வந்தது. பொய் சொல்லமாட்டேன். ஒன்பது வருடமாக எத்தனையோ பேர் தங்கள் பக்கங்களில் என் பதிவுகளுக்குக் கொடுத்த இணைப்புகள் எல்லாம் அந்த முகவரியில்தான் தொங்கின. அது போனால் அவை எல்லாம் இனி அந்தக் குத்துவிளக்குக்குத்தான் போகும். அந்த நேரத்தில் அம்மா வந்துவிட்டா. இடுப்பில் குழந்தை.

"அத்தான், மரத்திலை என்ரை பேரையும் எடுத்துவிடுங்கோ."

பெரியப்பாவுக்கு விளங்கவில்லை. "என்ன ஞானம் சொல்லுறாய்?"

"நான் ரெண்டு பெத்தனான். ஒண்டு மட்டும் பெத்த ஒருத்தியை அதிலை எழுதி வைச்சிருக்கிறியள். அவ ஆரோ. நான் இல்லை."

"ஆக்கள் பாக்கினம் ஞானம்."

"பாக்கட்டும். பந்தல் போட்டு, கதிரை போட்டு, தேத்தண்ணியும் குடிச்சுக்கொண்டு இருக்கினம். வடிவாப் பாக்கட்டும்." அம்மா குரலைத் தாழ்த்தவில்லை. "முகாமிலை எங்களைத் தேடி எடுத்தனீங்கள். சாகுமட்டும் மறக்கமாட்டன். அண்டைக்கு மூண்டு பேரையெல்லோ தேடினனீங்கள் அத்தான்? இப்ப ஏன் ரெண்டு பேர்?"

என் அம்மா பெரியப்பாவுக்கு முன்னால் இத்தனை வசனம் தொடர்ந்து பேசி நான் கண்டதில்லை. பெரியப்பா சால்வையைத் தேடினார், அது வானுக்குள் கிடந்தது. கையாலேயே முகத்தைத் துடைத்தார்.

"யோசிச்சுச் சொல்லுறன்" என்றார்.

"முகவரி உங்களோடையே இருக்கட்டும் பெரியப்பா" என்றேன் நான். "எனக்கு வேண்டாம். என்ரை தங்கச்சியைக் குடுத்து வாங்கிற அளவுக்கு அது ஒண்டும் பெரிய சாமான் இல்லை."

அவர் வானில் ஏறிப் போனார். கதிரை அப்படியே இருந்தது. சிவகரன் தானே போய் அதில் இருந்தான். இதை நான் எழுதுகிற இன்று வரைக்கும் பெரியப்பா யோசித்து முடிக்கவில்லை. மரத்தை அந்தத் தேருக்கு வெளியிடவில்லை என்று மட்டும் கேள்விப்பட்டேன்.

பந்தலைக் கழற்ற சஜீவன் எழும்பினான். அம்மா விடவில்லை. சமைக்கப் போவதாகவும், எல்லாரும் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றும் சொல்லிவிட்டா. வெள்ளைக் கொடிகளை மட்டும் கழற்றச் சொன்னா. தர்மிளா மூன்று வருடத்துக்குப் பிறகு அந்தக் குசினிக்குள் போய், உப்புப் போத்தல் எங்கே என்று கேட்காமலே எடுத்தாள்.

நான் மடிக்கணினியைக் கொண்டுவந்து பந்தலுக்குக் கீழே விரித்தேன். என் அட்டையால், என் பெயரில், புது முகவரி ஒன்று எடுத்தேன். தளம் முழுவதும் என் கோப்புறையில் இருந்தது. எவரும் அதில் ஓர் எழுத்தைத் தொடவில்லை, தொடவும் முடியாது. முகவரியை நான் ஒரே ஒரு வரியில்தான் எழுதி வைத்திருந்தேன். அந்த வரியை மாற்றிக் கட்டளை கொடுத்தேன். மென்பொருள் தளத்தைப் புதிதாகக் கட்டி முடித்தது. தலைப்பில் வட்டக்கச்சிக்காரி அப்படியே நின்றாள், முகவரி மாதிரி அந்தத் தலைப்பை எவரும் தங்கள் பெயரில் பதிந்து வைத்திருக்கவில்லை. பழைய இணைப்புகள் போனது போனதுதான். தேடுகிறவர்கள் தேடி வரட்டும்.

சஜீவன் தன் போனில் திறந்து பார்த்தான். "மணிச் சத்தம் இல்லையே அக்கா?" என்றான்.

"இல்லை. வாசி."

முன்பக்கத்தில் தர்மிளாவின் கலியாணம் வந்தது. துணுக்காயில், பதிவாளரின் மேசைக்கு முன்னால், மாலை கோணலாக விழுந்த படம். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வந்த தர்மிளா, என் தோளுக்கு மேலால் நெடுநேரம் பார்த்தாள்.

"இது நீ எழுதினது" என்றாள். "இதுக்கு மேலை நான் ஒண்டு எழுதட்டோ?"

அவள் ஒரு நாளும் எழுதியவள் இல்லை. வெற்றுக் கோப்பு ஒன்றைத் திறந்து கொடுத்துவிட்டுக் கதிரையில் இருந்து எழும்பினேன். ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அமத்தினாள். சோறு வெந்து இறக்கும்வரை எழுதினாள். எழுதி முடித்ததும், பிழை இருந்தால் திருத்து என்று சொல்லிவிட்டுக் குசினிக்குப் போய்விட்டாள். நான் ஓர் எழுத்தையும் திருத்தவில்லை. முன்பக்கத்தின் உச்சியில் அப்படியே வைத்துக் கட்டினேன்:

"நான் தர்மிளா. நவரத்தினத்துக்கும் ஞானேஸ்வரிக்கும் ரெண்டாவது பிள்ளை. அக்கா செத்துப்போனா எண்டு கேள்விப்பட்டு வீட்டை வந்தனான். அக்கா இருக்கிறா. நானும் இருக்கிறன்."